‘தமிழன்’ கண்ட பண்டிதர்

மாந்தர் யாவரும் நிகர் என்று 1776-இல் உலகுக்கு முழங்கியது அமெரிக்கா. ஆயினும் அங்கே கறுப்பின மக்களின் அடிமைத்தளை 1865-இல்தான் அறுந்தது. அவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் என் நெஞ்சில் எழும் தமிழ்முகம் அயோத்திதாசப் பண்டிதருடையது.

அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று இந்தியாவில் 1843-இல் சட்டம் வந்தது. ஈராண்டு கழித்து, 1845-இல் சென்னையில் காத்தவராயன் பிறந்தார். தம் ஆசானின் பெயரையே பின்னர்த் தமக்குச் சூட்டிக்கொண்டார். தமிழிலும் சித்த மருத்துவத்திலும் வல்லவரானார். சட்டம் வந்தும் நம் செங்கற்பட்டுச் சீமையில் பண்ணையாட்கள் கடனாலும் சாதியாலும் கட்டுண்டே கிடந்தனர்.

1881-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஒடுக்கப்பட்டோரை ஆதித் தமிழர் எனப் பதிய வேண்டினார். 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் கோயில் நுழைவுரிமை கேட்டார்; கூட்டம் மறுத்தது. நாட்டுரிமை பேசிய அவையிலேயே தம் மக்களுக்கு இடமில்லை என்பதை அன்று கண்டார். 1898-இல் பௌத்தம் தழுவினார். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். சுதேசி முழக்கம் ஓங்கிய அந்நாளில், சாதியை விடாமல் சுயராச்சியம் பேசுவதை அதில் இடித்துரைத்தார். 1914-இல் மறைந்தார்.

முடிச்சூர்வாசிகளாகிய எங்களுக்குப் பழக்கமான தாம்பரம் சானடோரியத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் என்னுள் ஒரு வினா எழும்: நம் தெருவில் ஒருவன் ஒதுங்கி நிற்கும் வரை, ஒரே நாட்டார் என்று நாம் எந்த முகத்தோடு சொல்வோம்? தோழர்களே, விடை நம் கையில்!