தோணியோடு போனவர், படகுக்காகக் காத்திருந்தவர்

கோட்டாறு கோயிலில் கொண்டாடுறோமே, அந்தப் பிரான்சிஸ் சவேரியார் பிறந்தது 1506-ல், இன்றைய ஸ்பெயினின் நவார் பகுதியில். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஜெபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

1544-ல் வடுகர் படை விரட்ட, குமரி மீனவர்கள் கடல் நடுவே பாறைத்திட்டுகளில் ஒதுங்கினாங்க. சோறும் தண்ணியும் இல்லாமல் சிலர் செத்தே போனாங்க. சேதி கேட்டதும் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிக் கிளம்பினார் சவேரியார். நாள்கணக்கில் போராடியும் எதிர்க்காற்று விடலை, திரும்பிட்டார். பிறகு தரைவழியாகவே குமரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

எட்டு வருஷம் கழித்து, சீனக் கரையோரம் ஒரு சின்னத் தீவு. அக்கரைக்குக் கூட்டிப்போறதா சொன்ன படகு வரவே இல்லை. 1552 டிசம்பர் 3-ல் காய்ச்சலில் இறந்தார். வயசு 46. அந்த நாள் வந்தால் இன்னைக்கும் குமரி மாவட்டத்துக்கே லீவு!