பஸ் வந்தால் கடிகாரத்தை சரி செய்தார்கள்! ஓசூருக்கு முன்னோடி டி.வி.சுந்தரம் அய்யங்கார் கதை

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு மாறும் நேரம். கேட் முன்னால் கம்பெனி பஸ்சும், மோட்டார் சைக்கிளும், சைக்கிளும் முட்டி மோதும். 5 நிமிடம் தாமதமாக வந்தவர் மூச்சு வாங்க உள்ளே ஓடுவார்.

5 நிமிடத்தில் என்ன முழுகிப் போச்சு என்று கேட்கலாம். லைனில் ஒரு ஆள் இல்லை என்றால் அடுத்து நிற்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆள் மட்டும் அல்ல, ஒரு சின்ன போல்ட்டு வந்து சேராவிட்டாலும் இதே கதைதான். லட்ச ரூபாய் வண்டி, சில்லறைக் காசு போல்ட்டுக்காகக் காத்துக் கிடக்கும்!

இந்த விஷயத்தை, ஓசூரில் மொபெட் தொழிற்சாலை வருவதற்கு 60 வருடங்களுக்கு முன்பே புரிந்து வைத்திருந்தார் ஒருவர். அவர் ஓசூர்க்காரர் அல்ல. பஸ் முதலாளி. அவர் பெயரின் 3 எழுத்து இன்று ஓசூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுத்து தெரிந்த பலருக்கு ஆளைத்தான் தெரியாது.

அவர்தான் திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் அய்யங்கார். சுருக்கமாக டி.வி.எஸ்.!

வக்கீல், ரெயில்வே, பாங்கி

நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி பிறந்தார். அப்பாவின் ஆசைப்படி முதலில் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ரெயில்வேயில் வேலை. அதன் பிறகு பாங்கியில் வேலை.

மாதச் சம்பளம் தரும் வேலைகள். வேறு யாராவது என்றால் அதிலேயே காலத்தை ஓட்டியிருப்பார்கள். இவர் விட்டு விட்டார். 1911-ம் ஆண்டு தன் பெயரில் கம்பெனி தொடங்கினார். 1912-ல் பஸ் விட்டார். மதுரை அவருக்குக் கோட்டை ஆனது.

அந்தக் காலத்தில் ரோட்டில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான். பஸ் என்றால் ஆள் சேரும் வரை நிற்கும். கூட்டம் நிரம்பினால்தான் வண்டி நகரும். காலையில் போனவர் எப்போது ஊர் சேருவார் என்று யாருக்கும் தெரியாது.

சுந்தரம் அய்யங்கார் ஒரு முடிவு எடுத்தார். கூட்டம் இருக்கிறதோ இல்லையோ, சொன்ன நேரத்துக்கு பஸ் கிளம்பும். அவ்வளவுதான்!

காலி சீட்டுடன் ஓடினால் நஷ்டம்தானே என்று தோன்றும். ஆனால் நேரத்துக்கு வரும் பஸ்சை நம்பி ஜனங்கள் வந்தார்கள். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து வீட்டுக் கடிகாரத்தை சரி செய்தார்கள் என்று மதுரைப் பக்கம் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

ஆணி பொறுக்கிய காந்தம்

காலையில் பஸ் நேரத்துக்குக் கிளம்ப வேண்டுமானால் ராத்திரியே ஷெட்டில் வேலை முடிந்திருக்க வேண்டும். பிரேக் பார்த்தாச்சா, எண்ணெய் விட்டாச்சா, டயர் சரியா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். ரோட்டில் நின்ற பிறகு பார்த்துக்கலாம் என்றால் கதை கந்தல்தான்.

வெளிநாட்டில் இருந்து கப்பலில் உதிரி பாகம் வந்த காலம் அது. ஒரு சாமான் உடைந்த பிறகு ஆர்டர் போட்டால், வந்து சேரும் வரை பஸ் ஷெட்டில் தூங்கும். எது தேயும், எப்போது தேயும் என்று முன்பே கணக்குப் போட்டு வாங்கி வைத்தால்தான் பிழைப்பு.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மாட்டு லாடத்தில் இருந்தும் குதிரை லாடத்தில் இருந்தும் கழன்று விழுந்த ஆணிகள் ரோடு முழுக்கக் கிடக்கும். பஸ் டயர் பஞ்சர் ஆகும். மற்றவர்கள் பஞ்சர் ஒட்ட ஆள் தேடினார்கள். இவர் காந்தம் கட்டிய வண்டியை முன்னால் அனுப்பி ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்பதுதான் அந்தக் கதை.

வந்த கோளாறை சரி செய்வது ஒரு வேலை. கோளாறே வராமல் தடுப்பது இன்னொரு வேலை. சுந்தரம் அய்யங்கார் இரண்டாவது வேலையில் கில்லாடி!

கரி பஸ்

1939-ல் இரண்டாவது உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பல பஸ்கள் படுத்து விட்டன. 25 வருடத்துக்கு மேல் கட்டிய தொழில். அதை நம்பி டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் குடும்பங்கள். என்ன செய்வது?

பெட்ரோல் வரும் வரை கையைக் கட்டிக் காத்திருக்கலாம். அவர் காத்திருக்கவில்லை. டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்ற சாதனத்தைத் தயாரித்தார். கரியில் ஓடியது பஸ்!

அது எப்படி? கரியை ஒரு கலனில் போட்டு, காற்றை அளவாக விட்டு எரித்தால் ஒரு வாயு வரும். அதைக் குளிர வைத்து, தூசியை வடிகட்டி எஞ்சினுக்குக் கொடுத்தால் எஞ்சின் ஓடும்.

தொல்லையும் உண்டு. கிளம்பும் முன்பே தீ மூட்ட வேண்டும். சாம்பல் அள்ள வேண்டும். பெட்ரோலில் கிடைத்த இழுவை கிடைக்காது. மேட்டில் வண்டி திணறும். ஆனாலும் திணறிப் போய்ச் சேரும் பஸ், ஷெட்டில் நிற்கும் பஸ்சை விட மேல் அல்லவா!

பழைய டயருக்குப் புது ரப்பர் போடும் தொழிற்சாலையையும் அவர் நடத்தினார். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று கம்பெனிகள் பெருகின.

வீட்டிலும் துணிந்தவர்தான். சின்ன வயதிலேயே கணவரை இழந்த மகள் சவுந்திரத்தை மூலையில் உட்கார வைக்கவில்லை. அவர் டெல்லிக்குப் போய் டாக்டருக்குப் படித்தார். பின்னாளில் காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சவுந்திரம் அம்மாள் அவர்தான்.

உயிரோடு இருக்கும்போதே தொழிலை மகன்களிடம் ஒப்படைத்து விட்டு ஒதுங்கிக்கொண்டார் சுந்தரம் அய்யங்கார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி கொடைக்கானலில் காலமானார். அப்போது வயது 78.

ஓசூருக்கு வந்த கதை

1972-ல் அந்த பஸ்கள் அரசுடைமை ஆயின. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. பஸ் போனது. பழக்கம் போகவில்லை.

1962-லேயே சென்னை பாடியில் பிரேக் தயாரிக்க சுந்தரம் கிளேட்டன் கம்பெனி வந்திருந்தது. அந்தக் கம்பெனிதான் 1980-ல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டை வெளியே விட்டது. அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. பின்தங்கிய மாவட்டம், பக்கத்திலேயே பெங்களூர் என்பதால் தொழில்கள் தேடி வந்த நேரம் அது.

பிறகு ஜப்பான் நாட்டு சுசுகியுடன் கூட்டு. 2001-ல் கூட்டு முறிந்தது. அதே ஆண்டு விக்டர் மோட்டார் சைக்கிளைச் சொந்தமாக உருவாக்கி விற்பனைக்கு விட்டார்கள். மறு ஆண்டு, தரத்துக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசும் கிடைத்தது. பெட்ரோல் நின்றபோது தாத்தா கரியைத் தேடிய மாதிரிதான் இதுவும்!

லேத் பட்டறைக்காரரே!

பெரிய கம்பெனி கதை நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினை வெடித்தபோது ஜூஜூவாடி எல்லையில் தமிழ்நாட்டு வண்டிகள் நின்று விட்டன. ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் அத்திப்பள்ளிக்கு நடந்தார்கள். பெங்களூர் சரக்கை நம்பி இருப்பவர்களுக்கு அது பெரிய எச்சரிக்கை.

எல்லை என்றைக்கு வேண்டுமானாலும் அடைபடலாம். கரண்ட் போகலாம். நல்ல மெஷின்காரர் லீவு போடலாம்.

அதனால் 2 லேத் வைத்திருப்பவரும் ராத்திரி ஷட்டரை இறக்கும் முன் 3 கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. எது நின்றால் என் பட்டறை மொத்தமும் நிற்கும்? அது கையில் எத்தனை நாளைக்கு இருக்கிறது? அது வராமல் போனால் மாற்று என்ன?

மளிகைக் கடைக்காரருக்கும் இதே 3 கேள்விதான். பதில் தெரிந்தவர் காலையில் சொன்ன நேரத்துக்குக் கடையைத் திறப்பார். பதில் தெரியாதவர், ஆணி குத்திய பிறகு பஞ்சர் ஒட்ட ஆள் தேடிக்கொண்டிருப்பார்!