ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று அறியப்படும் கோபாலசாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – ஜனவரி 4, 1974) தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த புத்தாக்குநர், தொழிலதிபர், வேளாண் ஆய்வாளர் மற்றும் கொடையாளர் ஆவார். முறையான பள்ளிக் கல்வியைத் தொடக்க நிலையிலேயே கைவிட்ட இவர், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தாமே பிரித்துப் பூட்டிப் பொறியியலைக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் இவர் இந்தியாவின் எடிசன் என்று அழைக்கப்பட்டார். பேருந்துப் போக்குவரத்து, மின்னோடி உற்பத்தி, தொழிற்கல்வி ஆகிய துறைகளில் கோயம்புத்தூரின் வளர்ச்சிக்கு அடித்தளம் இட்டவர்களுள் இவரும் ஒருவர்.

பிறப்பும் இளமையும்

நாயுடு கோயம்புத்தூருக்குக் கிழக்கே சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பமொன்றில் பிறந்தார். இளம் வயதிலேயே தாயை இழந்தார். வகுப்பறையில் அமர்ந்து பாடம் கேட்பதில் அவருக்கு நாட்டம் இருக்கவில்லை. ஆசிரியர்களுடன் ஏற்பட்ட பிணக்கினால் மூன்றாம் வகுப்போடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது எனக் கூறப்படுகிறது. அதன்பின் தந்தையின் வேளாண் வேலைகளில் உதவினார். பள்ளியை விட்டாலும் படிப்பை விடவில்லை. கிடைத்த நூல்களைத் தாமே படித்து அறிவை வளர்த்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் நூல்கள் வாங்கிச் சேர்க்கும் வழக்கம் அவரிடம் இருந்தது.

மோட்டார் சைக்கிள்

நாயுடுவின் வாழ்க்கையில் திருப்பத்தை ஏற்படுத்தியது ஒரு மோட்டார் சைக்கிள் ஆகும். ஆங்கிலேய வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் ரட்ஜ் வகை மோட்டார் சைக்கிளில் அவருடைய ஊர்ப் பக்கம் வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் தானே ஓடும் வண்டியை நாயுடு முதன்முதலில் கண்டது அப்பொழுதுதான். அது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தே தீரவேண்டும் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது.

வண்டியை வாங்கப் பணம் வேண்டும் என்பதால் ஊரை விட்டுக் கோயம்புத்தூர் சென்று, உணவகம் ஒன்றில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழைத்துச் சில நூறு ரூபாய் சேர்த்தார். பின்னர் அதே அலுவலரைத் தேடிச்சென்று அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். அதில் ஊர் சுற்றுவதற்கு முன்பாக அதனை முழுவதுமாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார்.

ரட்ஜ் மோட்டார் சைக்கிள்கள் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டவை. மிதிவண்டி செய்து புகழ்பெற்ற அந்நிறுவனம் 1911ஆம் ஆண்டு முதல் மோட்டார் சைக்கிள்களை விற்கத் தொடங்கியது. அவை ஒற்றை உருளை எஞ்சின் கொண்டவை. எஞ்சினின் ஆற்றல் ஒரு வார்ப்பட்டையின் மூலம் பின்சக்கரத்துக்குச் சென்றது. மழைக்காலத்தில் இவ்வகைப் பட்டைகள் நனைந்து வழுக்கும். அக்கால வண்டிகள் பலவற்றில் எஞ்சினுக்குத் தேவையான எண்ணெயை ஓட்டுபவரே அவ்வப்போது கையால் அடித்துச் செலுத்த வேண்டியிருந்தது. கிளப்புவதற்கு மிதித்தோ, தள்ளிக்கொண்டு ஓடியோ பாடுபட வேண்டும். ஆகவே மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் அதன் பழுதுபார்ப்பவராகவும் இருந்தாக வேண்டிய காலம் அது.

இவ்வகை வண்டி பிரித்துப் பார்த்துக் கற்பதற்கு ஏற்றதாகவும் அமைந்தது. பெட்ரோல் ஆவியையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், மின்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கும் மேக்னெட்டோ, உருளைக்குள் மேலும் கீழும் செல்லும் பிஸ்டன், அவ்வியக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு ஆகிய அனைத்தும் கண்ணுக்குத் தெரியும் அளவிலும் சாதாரணக் கருவிகளால் கழற்றக்கூடிய வகையிலும் இருந்தன. எந்த உறுப்பு எதற்காக உள்ளது என்பதை அறியாமல் கழற்றியவற்றை மீண்டும் பூட்டி ஓட்ட இயலாது. இந்த ஒரு வண்டியிலிருந்து பெற்ற அறிவைக் கொண்டே நாயுடு எந்திரப் பணியாளராகத் தொழிலில் காலூன்றினார். பழுதுபட்ட பொருளைப் பிரித்துப் பார்த்து, குறையைக் கண்டு, அதைவிட மேலானதாகத் திருப்பிச் செய்யும் முறை அவருடைய பிற்காலப் படைப்புகள் பலவற்றிலும் காணப்படுகிறது.

இழப்பும் மீட்சியும்

முதலாம் உலகப் போர்க் காலத்தில் நாயுடு திருப்பூரில் பருத்தி அரைவை ஆலை ஒன்றை நடத்திப் பொருள் ஈட்டினார். பின்னர் பம்பாய் சென்று பருத்தி வணிகத்தில் இறங்கி, ஈட்டியதை எல்லாம் இழந்து திரும்பினார். அந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தவர் கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த ஆங்கிலேயரான இராபர்ட் ஸ்டேன்ஸ் ஆவார். அவருடைய உதவியுடன் 1920ஆம் ஆண்டு நாயுடு ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதனைத் தாமே ஓட்டினார்.

யு.எம்.எஸ். என்ற சுருக்கப் பெயரில் வளர்ந்த இந்நிறுவனம் 1933ஆம் ஆண்டளவில் 280 பேருந்துகளைக் கொண்டிருந்தது. நேரந்தவறாமைக்கு இந்நிறுவனம் பெயர்பெற்றது. பயணச்சீட்டு வழங்குவதற்கும், எஞ்சின்களின் அதிர்வைச் சோதிப்பதற்கும் நாயுடு கருவிகளை உருவாக்கினார். பேருந்துகளைப் பழுதுபார்க்க வெளியாரை எதிர்பாராமல் சொந்தப் பணிமனைகளை அமைத்தார். பின்னாளில் அவருடைய தொழிற்கூடங்களுக்கு இவையே முன்னோடியாக அமைந்தன.

கண்டுபிடிப்புகள்

1937ஆம் ஆண்டு டி. பாலசுந்தரத்துடன் இணைந்து, இந்தியாவின் முதல் மின்னோடி எனக் கருதப்படும் மோட்டாரைக் கோயம்புத்தூர் பீளமேட்டில் உருவாக்கினார். பிற்காலத்தில் மின்னோடி, நீரேற்றி உற்பத்தியில் கோயம்புத்தூர் நாடறிந்த மையமாக வளர்ந்ததற்கு இது தொடக்கமாகும். பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவினார்.

நாயுடு உருவாக்கியவற்றுள் குறிப்பிடத்தக்கவை:

- உலர் மின்கலத்தால் இயங்கும் ரேசன்ட் என்னும் மின் சவரக் கருவி
- மிக மெல்லிய சவர அலகுகள்
- நிழற்படக் கருவிக்கான தொலைவு சரிசெய்யும் கருவி
- பழச்சாறு பிழியும் கருவி
- மண்ணெண்ணெயால் இயங்கும் மின்விசிறி
- முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு எந்திரம்

இவற்றுள் வாக்குப்பதிவு எந்திரம் அவர் காலத்தில் பயன்பாட்டுக்கு வரவில்லை. இந்தியாவில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் முதன்முதலில் பயன்படுத்தப்பட்டது 1982ஆம் ஆண்டு கேரளத்தின் பரவூர் தொகுதியில் ஆகும். அப்போது நாயுடு மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1941ஆம் ஆண்டு ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என அறிவித்தார். 1952ஆம் ஆண்டு இருவர் அமரக்கூடிய பெட்ரோல் மகிழுந்து ஒன்றை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். ஆனால் அதனைத் தயாரிக்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி இத்தகைய உற்பத்திக்கு நடுவண் அரசின் உரிமம் கட்டாயமாக இருந்தது. அத்துடன் அத்திட்டம் கைவிடப்பட்டது. அரசின் வரிக் கொள்கையிலும் நாயுடுவுக்கு உடன்பாடு இல்லை. அதனைக் கண்டிக்கும் விதமாகத் தாம் செய்த பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்தார்.

வேளாண்மை

எந்திரங்களில் மேற்கொண்ட அதே சோதனை முறையை நாயுடு தம் தோட்டத்திலும் கையாண்டார். பத்து அடி உயரம் வளரும் பருத்திச் செடிகளை வளர்த்தார். பப்பாளி உள்ளிட்ட பயிர்களிலும் ஆய்வுகள் மேற்கொண்டார். இயற்பியலாளர் சி. வி. இராமன் நாயுடுவின் பன்முகத் திறமையைப் பெரிதும் பாராட்டியுள்ளார்.

கல்விப் பணி

1944ஆம் ஆண்டு நாயுடு மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆய்வு உதவித்தொகை, தொழிலாளர் நலன், பின்தங்கிய மக்களின் நலன் ஆகியவற்றுக்கான அறக்கொடைகளை அறிவித்தார்.

அவருடைய முயற்சியாலும் கொடையாலும் ஆர்தர் ஹோப் பல்தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டன. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயர் இவற்றுக்கு இடப்பட்டது. 1945ஆம் ஆண்டு அக்கல்லூரியின் முதல்வராக நாயுடுவே பொறுப்பேற்றார். மூன்றாம் வகுப்புடன் நின்ற ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானது அரிய நிகழ்வாகும்.

எனினும் இப்பொறுப்பு நீடிக்கவில்லை. பொறியியலுக்கு நான்கு ஆண்டுப் படிப்பு தேவையற்றது என்பதும், செய்முறைப் பயிற்சியுடன் இரண்டு ஆண்டுகளே போதும் என்பதும் நாயுடுவின் கருத்து. கால அளவைக் குறைக்க ஆங்கிலேய அரசு இணங்கவில்லை. ஆகவே அவர் பதவியிலிருந்து விலகினார். அக்கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்கு இடம்பெயர்ந்து, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் இயங்கி வருகிறது. அது முன்பு இருந்த அவிநாசி சாலைப் பகுதி இன்றும் ஹோப் காலேஜ் என்றே வழங்கப்படுகிறது.

பயணங்களும் நிழற்படக் கலையும்

நாயுடு பலமுறை வெளிநாடுகளுக்குச் சென்று தொழிற்சாலைகளைப் பார்வையிட்டார். நிழற்படம் எடுப்பதில் பேரார்வம் கொண்டிருந்தார். லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் படக்கருவியில் பதிவு செய்தார். காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகிய தலைவர்களையும் படம் பிடித்துள்ளார்.

மறைவும் நினைவுகளும்

1967ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு தொழிற் பொருட்காட்சி நிறுவப்பட்டது. நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தமது எண்பதாவது வயதில் காலமானார்.

அவர் உருவாக்கிய கருவிகளும் சேகரித்த பொருள்களும் அவிநாசி சாலையிலுள்ள அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவருடைய வாழ்க்கையைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று 66ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் விருது பெற்றது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.