பெயரற்ற மனிதரின் புகைப்படக் கலைஞர்

படம் எடுக்கப்படும் தகுதி மன்னருக்கும் தலைவருக்கும் மட்டுமா உண்டு? தெருவில் நடக்கும் எளிய மனிதனுக்கும் உண்டு என்று காட்டியவர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸன்.

1908 ஆகஸ்டு 22ஆம் நாள், பாரிசு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். நூல் உற்பத்தியில் செல்வம் சேர்த்த குடும்பம். அவரோ ஓவியம் பயின்றார். பின்னர் கையடக்கமான லைக்கா கேமரா அவருடைய தூரிகையாயிற்று. கேமராவைக் கண்டால் மனிதர் விறைத்து நிற்பர் அல்லவா? எனவே அதன் பளபளப்பைக் கறுப்பு நாடாவால் மறைத்தார். பிளாஷ் விளக்கைத் தவிர்த்தார். 1932இல் பாரிசு ரயில் நிலையத்தின் பின்புறம், தேங்கிய நீரைத் தாண்டிய ஒருவரை, கால் நீரைத் தொடும் முன் படமெடுத்தார். பெயர் இல்லாமலே அம்மனிதர் வரலாற்றில் நிலைத்துவிட்டார்.

இரண்டாம் உலகப் போரில் 1940இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். இருமுறை முயன்று தோற்று, மூன்றாம் முறை 1943இல் தப்பினார். 1947இல் நண்பர்களுடன் மேக்னம் நிறுவனத்தைத் தொடங்கினார். அவ்வாண்டே இந்தியா வந்து, குருட்சேத்திர முகாமில் அகதிகளைப் படமெடுத்தார். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைச் சந்தித்துத் திரும்பிய சிறிது நேரத்தில் அடிகள் சுடப்பட்டார். இறுதி ஊர்வலத்தில் கதறிய மக்களின் முகங்களையும் அவர் பதிவு செய்தார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது நம் திருவண்ணாமலையில் இருந்தார். 1970களில் ஓவியத்திற்கே திரும்பிய அவர், 2004 ஆகஸ்டு 3ஆம் நாள் தமது 95ஆம் வயதில் மறைந்தார்.

பிறரை அவர்கள் அறியாமலே படமெடுத்த அவர், தம்மைப் பிறர் படமெடுப்பதை விரும்பவில்லை. இது முரண் அன்றோ? அனுமதி கேட்டால் இயல்பு போய்விடும். கேட்காவிட்டால் உரிமை போய்விடும். இதற்கு எளிய விடை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று தெரியும். என் தந்தையார் அம்பத்தூரில் ஒரு சிறு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அவர் முகம் உண்டு. உழைக்கும் படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. ஆவடி மின்சார ரயிலிலோ, வேலை முடிந்து களைப்பில் வாய் திறந்து உறங்குவோரைச் சிலர் செல்போனில் படமெடுத்துச் சிரிக்கின்றனர். அவர்களுள் ஒருவர் என் தந்தையாராகவும் இருக்கலாம்.

பிரெஸ்ஸன் அகதியைப் படமெடுத்தார். அகதியைக் கண்டு யாரும் நகைக்கவில்லை. மாணவ நண்பர்களே, கேமரா இன்று நம் அனைவர் பையிலும் இருக்கிறது. எதிரில் இருப்பவர் நம் வீட்டார் என்று எண்ணிய பிறகு அதை எடுப்போமாக!