மீசை வைத்த அம்மா

ஆசிரியப் பணியை அறப்பணி என்று போற்றுகிறோம். அப்பணியை ஆற்றுபவர் தம் வகுப்பறையிலேயே சிக்கலைக் கண்டறிந்து, தீர்வை முயன்று பார்த்து, அதன்வழித் தம்மையும் வளர்த்துக்கொள்வதே செயலாய்வு. மூவார் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணிபுரியும் நான், அச்சொல் புழக்கத்திற்கு வருமுன்னரே அதனைச் செய்து காட்டிய ஒருவரின் வாழ்க்கையை இங்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் ஜிஜுபாய் பதேக்கா.

1885ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலுள்ள சித்தல் என்னும் ஊரில் அவர் பிறந்தார். நம் முன்னோர் பலர் மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய அதே காலக்கட்டத்தில், 1907இல் அவரும் பிழைப்புத் தேடிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடல் கடந்தார். பின்னர்த் தாயகம் திரும்பி, பம்பாயில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணம் அன்று அவருக்கு இருந்ததில்லை.

1913இல் அவருக்கு மகன் பிறந்தான். அக்குழந்தையை எவ்வாறு வளர்ப்பது, எவ்வகைப் பள்ளிக்கு அனுப்புவது என்னும் தந்தையின் கவலை அவரை மரியா மாண்டிசோரியின் கல்விச் சிந்தனைகளிடம் கொண்டு சேர்த்தது. 1916இல் வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, பவநகரில் இயங்கிய தட்சிணாமூர்த்தி கல்வி நிலையத்தில் இணைந்தார். வளர்ந்த மாணவர்களோடு பழகியபின், மாற்றம் சின்னஞ்சிறு வயதிலேயே தொடங்க வேண்டும் என உணர்ந்தார். 1920இல் அங்கே மழலையர்க்கான பால மந்திர் உருவாயிற்று.

மாண்டிசோரி முறையை அவர் அப்படியே பின்பற்றிவிடவில்லை. தம்முன் அமர்ந்திருந்த குழந்தைகளைக் கவனித்தார். அவர்களுக்குக் கதை தேவைப்பட்டது. நாட்டுப்புறப் பாடலும் நாடகமும் தேவைப்பட்டன. அவற்றை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பிரம்பு இல்லாத அவ்வகுப்பில் குழந்தைகள் அவரிடம் அன்னையைக் கண்டனர். மீசை வைத்த அம்மா என்னும் செல்லப்பெயர் அவருக்கு அமைந்தது இதனால்தான்.

1930களின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'திவாஸ்வப்னா' என்னும் நூல், 'பகல் கனவு' என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ளது. அதில் வரும் கற்பனை ஆசிரியர், கல்வி அதிகாரியிடம் நான்காம் வகுப்பை ஓராண்டுக்குக் கேட்டுப் பெறுகிறார். முதல் நாள் அமைதி விளையாட்டு ஒன்றைத் திட்டமிட்டுச் செல்கிறார். வகுப்போ கூச்சலில் மூழ்குகிறது. மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திட்டத்தை மாற்றுகிறார். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு அவர் வசமாகிறது. திட்டமிடல், செயல்படுத்துதல், உற்றுநோக்கல், சிந்தனை மீட்சி என நாம் இன்று படிக்கும் நான்கு படிகளும் அவ்விரு நாள்களிலேயே அடங்கிவிடுகின்றன அல்லவா?

ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த உளவியலறிஞர் கர்ட் லெவின் செயலாய்வு பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டது 1946இல்தான். ஆசிரியரே ஆய்வாளராக வேண்டும் என்று இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் வலியுறுத்தினார். ஜிஜுபாயோ 1939ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாளே மறைந்துவிட்டார். எனினும், ஆசிரியர்களைப் பயிற்றுவித்தும், தாராபாய் மோடக் போன்றோரோடு இணைந்து குழந்தைக் கல்வி இயக்கத்தை வளர்த்தும், தம் அனுபவத்தைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டே சென்றார்.

இவ்வரலாறு நமக்கு எதற்கு? நம் நாட்டில் ஆசிரியர் கல்விக் கழக மாணவர்களும் பணியிலுள்ள ஆசிரியர்களும் செயலாய்வு செய்கின்றனர். ஆனால், பல அறிக்கைகள் சிக்கலைத் தேடுவதற்கு முன்பே தலைப்பைத் தேடிக்கொள்கின்றன. அட்டவணையும் விழுக்காடும் நிறைந்த அவை, கட்டமைத்து ஒப்படைத்தபின் அலமாரியில் உறங்குகின்றன. வாசிக்கத் தடுமாறிய மாணவனோ அதே தடுமாற்றத்தோடு இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறான். இழப்பு அவனுக்குத்தான்.

என் ஆண்டு 3 மாணவர்கள் சிலர் லகர, ளகர, ழகரச் சொற்களை மாற்றி எழுதினர். பயிற்சித்தாளைக் கூட்டுவதற்கு முன் அவர்களைப் பேசவிட்டுக் கேட்டேன். மூன்று எழுத்தும் அவர்கள் நாவில் ஒன்றாகவே ஒலித்தன. சிக்கல் கையில் இல்லை, காதில் இருந்தது. எனவே, கதை சொல்லி, குறிப்பிட்ட ஒலி வரும்போதெல்லாம் கைதட்டச் செய்தேன், பிறகே எழுதவிட்டேன். ஆறு வாரங்களில் எல்லாரும் தேறிவிடவில்லை. ஆயினும், யாருக்கு ழகரம் இன்னும் பிடிபடவில்லை, அடுத்து எதை மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெளிவாயிற்று. எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கிடைக்காத பாடம் அது.

நாளை ஆசிரியராகப் போகும் தம்பி தங்கைகளே! மூவாரைப் போன்ற சிறுநகரங்களுக்கும் தோட்டப்புறங்களுக்கும் நீங்கள் பணியமர்த்தப்படலாம். அங்கே பெரிய ஆய்வுக்கூடம் இராது; இருபது மாணவர்கள் இருப்பர். அவர்களுள் ஒருவன் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் செயலாய்வு அங்கேதான் தொடங்குகிறது.