எருமைக்கு மார்க் போட்ட விமர்சகர்



நம் பார்க்கிங்கில் சமீபத்தில் புது வண்டி நிறுத்தியவர்களைக் கேட்கிறேன். வாங்குவதற்கு முன் எத்தனை கார் விமர்சனம் படித்தீர்கள்? அதில் இன்று எது ஞாபகம் இருக்கிறது? மைலேஜ் அட்டவணை மறந்திருக்கும். பின் சீட்டில் மாமியாரை உட்கார வைத்துவிட்டு ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் வீட்டில் என்ன நடக்கும் என்று எழுதிய ஒருவரை மட்டும் மறந்திருக்க மாட்டீர்கள். சிரிக்க வைத்தபடியே சஸ்பென்ஷன் சரியில்லை என்று சொல்லிவிட்டார் அவர்.

இந்த வித்தையைத் தமிழில் பெரிய அளவில் செய்து காட்டியவர் கார் எதையும் விமர்சிக்கவில்லை. கச்சேரி, நாடகம், சினிமா இவைதான் அவர் சரக்கு. உங்களுக்கு அவரை நன்றாகத் தெரியும், வேறு காரணத்துக்காக. காட்டுமன்னார்கோயில் பக்கம் போகும்போது வீராணம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, வந்தியத்தேவன் குதிரையில் வந்தது இங்கேதான் என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறீர்களே, அந்தப் பொன்னியின் செல்வனை எழுதிய கல்கிதான்.

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9-ம் தேதி மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். நமக்குக் கொள்ளிடம் தாண்டினால் அந்தப் பக்கம். திருச்சியில் பள்ளி இறுதி வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஒத்துழையாமை இயக்கம் வந்தது. பரீட்சை எழுதாமலே படிப்பை விட்டார். 1922-ல் ஓராண்டு சிறை. வெளியே வந்து 1923-ல் திரு.வி.க.வின் நவசக்தியில் சேர்ந்தார். அங்கே ஐந்து வருடம் தமிழைத் தேய்த்துத் தேய்த்துக் கற்றார் என்று சொல்லலாம். ஆனால் குருவின் நடை அவரிடம் ஒட்டவில்லை. திரு.வி.க. எழுதினால் மேடைத் தமிழின் கம்பீரம் இருக்கும். சீடர் எழுதினால் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

1928-ல் எஸ்.எஸ். வாசன் கைக்கு ஆனந்த விகடன் வந்தது. அவருக்குக் கிருஷ்ணமூர்த்தி அனுப்பிய நகைச்சுவைக் கட்டுரைதான் ‘ஏட்டிக்குப் போட்டி’. வாசனுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. நடுவில் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகை, 1930-ல் இரண்டாவது சிறை, பிறகு 1931-ல் விகடனில் முழுநேர வேலை.

விகடனில் ‘ஆடல் பாடல்’ என்ற பகுதியில் கலை விமர்சனம் எழுத அவர் வைத்துக்கொண்ட பெயர் ‘கர்நாடகம்’. இந்தப் பெயரை நீங்கள் கொஞ்சம் ரசிக்க வேண்டும். கர்நாடக சங்கீதம் ஒரு பக்கம். சரியான கர்நாடகம் என்று வீட்டில் பழம்பஞ்சாங்கத் தாத்தாவைக் கேலி செய்வோமே, அது இன்னொரு பக்கம். பிறரைக் கேலி செய்ய உட்காரும் முன் தன்னையே கேலி செய்துகொண்டார். இன்றைக்கு விமர்சகர்கள் பலர் வைத்துக்கொள்ளும் பட்டங்களை நினைத்தால் எனக்கு இந்தப் பெயர் இன்னும் பிடித்துப்போகிறது.

இப்போது 1935-க்கு வாருங்கள். விஷயம் நம் சிதம்பரத்தைச் சேர்ந்தது. நந்தனார் கதையைப் பேசும் படமாக எடுத்தார்கள். கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடம் போட்டு நந்தனாராக நடித்தார். சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் நாடே வாய் பிளந்த தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாதய்யர். இப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்த கல்கி, நடிப்பில் முதல் மார்க்கைப் படத்தில் வந்த மரத்துக்கும் எருமைக்கும் ஆட்டுக்கும் கொடுத்தார்.

ஊர் சிரித்தது. நீங்களும் சிரித்திருப்பீர்கள். ஆனால் அந்தக் கேலிக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. மரமும் எருமையும் கேமரா முன்னால் தாங்களாக இருந்தன. மனிதர்களோ நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி நின்று பாடிய பழக்கத்தோடு நின்றார்கள். நடிப்புக் கலையைப் பற்றி நாலு பக்கம் எழுத வேண்டியதை எருமையை வைத்து முடித்துவிட்டார். ஒரு புது காரில் எனக்குப் பிடித்தது டம்ளர் வைக்கும் இடம்தான் என்று விமர்சகர் எழுதினால், என்ஜினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். சுந்தராம்பாள் வேற்றாள் அல்ல. காங்கிரஸ் மேடைகளில் பாடிக் கூட்டம் சேர்த்தவர். கல்கி அதே காங்கிரஸுக்காக இரண்டு முறை சிறை போனவர். நம்ம கட்சி, நம்ம அம்மா என்று நாலு நல்ல வார்த்தை எழுதியிருந்தால் யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். அவர் எழுதவில்லை.

இதில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு, மறைக்கவில்லை. சிரித்தவர்கள் மறுநாள் மறந்துவிடுவார்கள். எருமையோடு சேர்த்துப் பேசப்பட்ட நடிகை மறப்பாரா? குரலில் அவருக்கு ஈடு சொல்ல ஆள் இல்லை என்பது அன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும். 1953-ல் அதே சுந்தராம்பாளை ஔவையாராக நிறுத்தி வெற்றி கண்டவர் ஜெமினி வாசன், அதாவது அந்த விமர்சனம் வந்த விகடனின் சொந்தக்காரர்! நந்தனாரையும் வாசன் விடவில்லை. 1942-ல் தண்டபாணி தேசிகரை வைத்து மறுபடி எடுத்தார். தேசிகர் பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்ததால் நம் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் அவரிடம் நேரில் பாட்டுக் கேட்டிருக்கவும் கூடும்.

கேலி செய்கிறவர் தானும் களத்தில் இறங்கினார். அவர் கதையான தியாக பூமி, படத்தின் காட்சிகளோடு விகடனில் தொடராக வந்தது. 1939-ல் படமும் வெளிவந்து நன்றாக ஓடியது. பிறகு அரசாங்கம் தடை செய்தது.

1941 அவருக்குப் புரட்டிப் போட்ட வருடம். மூன்றாவது சிறை, விகடனை விட்டு விலகல், ஆகஸ்டில் டி. சதாசிவத்தோடு சேர்ந்து ‘கல்கி’ பத்திரிகை. அதே ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசை மாநாடு கூட்டினார். கச்சேரியில் தமிழ்ப் பாட்டு கடைசியில் ஒப்புக்கு வரும் துக்கடாவாக இருக்கக் கூடாது என்பது கோரிக்கை. இசைக்கு மொழி எதற்கு என்று சென்னையின் பெரிய சபைக்காரர்களும் வித்வான்களும் எதிர்த்தார்கள். கல்கி தமிழிசைப் பக்கம் நின்றார். புதுப் பத்திரிகைக்குச் சந்தாவும் விளம்பரமும் அந்தச் சபைக்காரர்கள் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். ஆனாலும் வாரா வாரம் எழுதினார். தியாகராஜர் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை அவர். காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் ஆளுக்குத் தான் கேட்பது புரிய வேண்டாமா என்பதுதான் அவர் வாதம். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் கட்சிச் சண்டை ஆகியிருக்கும். கேலியாகச் சொன்னதால் எதிர்த் தரப்பு வீட்டிலும் படித்தார்கள்.

1945-ல் மீரா படத்துக்காக அவர் எழுதி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய ‘காற்றினிலே வரும் கீதம்’ இன்றும் நம் மாடிகளில் காலை நேரத்தில் கேட்கிறது. பார்த்திபன் கனவும் சிவகாமியின் சபதமும் 1950-ல் தொடங்கிய பொன்னியின் செல்வனும் உங்களுக்குத் தெரிந்தவை. பொன்னியின் செல்வன் முடிந்த 1954-லேயே டிசம்பர் 5-ம் தேதி, 55 வயதில் காலமானார். நாவல்கள் நின்றுவிட்டன. கர்நாடகம் எழுதிய விமர்சனங்களைத்தான் இன்று தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. இசைக் கட்டுரைகள் ‘சங்கீத யோகம்’ என்ற தொகுப்பாக வந்திருக்கின்றன. நம் குடியிருப்பில் யாரிடமாவது பழைய பிரதி இருந்தால் தயவுசெய்து சங்க அலுவலகத்தில் ஒரு வாரம் கொடுத்து வையுங்கள். அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.