தனித்தனிக் குரல்கள்

நுழையும்முன்

இசைக்குறிப்பைக் கண்ணால் படித்து, கைகளாலும் கால்களாலும் ஒருசேர வாசிக்கவேண்டிய கருவி ஆர்கன். அக்குறிப்பைக் காணவியலாத ஒருவர், இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இசையைத் தம் நினைவில் ஏந்தி உலகுக்கு வழங்கினார். செருமானியக் கலைஞர் ஹெல்முட் வால்காவின் வாழ்க்கை இது.

செருமனியின் லைப்சிக் நகரத்துக்கும் இசைக்கும் நெடுநாள் உறவு உண்டு. அங்குள்ள புனித தோமா ஆலயத்தில் 1723 முதல் 1750 வரை இசைப்பொறுப்பு வகித்தவர் யோகான் செபாஸ்டியன் பாக். கண் அறுவை மருத்துவம் பயனளிக்காமல், பார்வை இழந்த நிலையில் அந்நகரிலேயே அவர் மறைந்தார். அதே லைப்சிக்கில் 1907ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் வால்கா பிறந்தார். குழந்தைப் பருவத்தில் இடப்பட்ட பெரியம்மைத் தடுப்பூசியின் பின்விளைவாக அவருடைய கண்கள் பழுதுற்றன. மங்கிக்கொண்டே வந்த பார்வை, பதின்பருவம் முடியுமுன் முற்றிலும் அகன்றது.

அதற்குள் அவர் லைப்சிக் இசைக்கல்லூரியில் சேர்ந்து, புனித தோமா ஆலயத்தின் ஆர்கன் கலைஞர் குந்தர் ராமினிடம் பயிலத் தொடங்கியிருந்தார். 1926இல் ஆசிரியருக்கே துணைக்கலைஞராக அமர்ந்தார். பாக் பணியாற்றிய ஆலயத்தில், பாக்கின் இசையை, பாக்கைப் போலவே பார்வையற்ற ஓர் இளைஞர் இசைத்தார் என்பது கேட்பதற்கு அழகாக இருக்கலாம். ஆயினும் அவ்விளைஞரின் முன் நின்ற இடர் அழகானதன்று.

ஆர்கன் காற்றால் ஒலிப்பது. நூற்றுக்கணக்கான குழல்களுக்குள் காற்றுச் செலுத்தப்படுகிறது. கைகளுக்கு இரண்டு மூன்று விசைப்பலகைகளும், கால்களுக்குத் தனியே ஒரு மிதிபலகையும் உண்டு. பாக்கின் ‘ஃபியூக்’ என்னும் இசைவடிவிலோ மூன்று, நான்கு, சிலவேளை ஐந்து குரல்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒரு குரல் தொடங்கிய மெட்டை அடுத்தது ஏற்கிறது. முதற்குரல் வேறுவழி செல்கிறது. எதுவும் மற்றொன்றுக்குப் பக்கத்துணை அன்று. ஒற்றை இசையோட்டத்தைப் பின்தொடர்ந்து பழகிய நம் செவிக்கு இது முதலில் குழப்பமாகவே தோன்றும். கண்ணுடையோர்க்கே கடினமான இதனை எவ்வாறு கற்பது? பிரெயில் குறிப்பைத் தடவிப் படிக்கும் கை, அவ்வேளையில் வாசிக்க இயலாதே!

வால்கா கண்ட வழி எளியது. ஆனால் பொறுமை மிக வேண்டுவது. முதலில் அவருடைய தாயாரும், பின்னர் மனைவி உர்சுலாவும், இசைக்குறிப்பிலிருந்து ஒரு குரலை மட்டும் பிரித்து வாசித்துக் காட்டுவர். அதை அவர் மனத்தில் பதித்தபின் அடுத்த குரல், பின்பு மற்றொன்று. எல்லாக் குரல்களும் தனித்தனியே உள்ளத்தில் நிலைத்தபின், அவற்றைத் தமக்குள்ளேயே ஒன்றுசேர்த்துக்கொண்டு கருவியின்முன் அமர்வார். இவ்வாறே, நாற்பது வயதளவில், பாக்கின் ஆர்கன் படைப்புகள் முழுமையும் அவர் நினைவில் குடிகொண்டன.

இம்முறை அவருடைய குறைக்கு ஒரு மாற்று மட்டுமே என்று கருதுதல் பொருந்தாது. பாக் எழுதியதும் தனித்தனிக் குரல்களையே. மற்றவர் விரல்களால் திரளாகப் பற்றியதை வால்கா இழையிழையாகப் பெற்றிருந்தார். அவர் வாசிப்பில் நடுக்குரல்கூட மறையாமல் கேட்பதன் காரணம் இதுவே.

1929இல் பிராங்க்பர்ட் நகருக்குக் குடிபெயர்ந்த அவர், வாழ்நாள் முழுதும் அங்கேயே வாழ்ந்தார். ஆலயக் கலைஞராகவும் பேராசிரியராகவும் விளங்கினார். 1946 முதல் மூவரசர் ஆலயம் அவருடைய பணிக்களமாயிற்று. கடல்கடந்து அமெரிக்காவிலிருந்தும் மாணவர் பலர் அவரை நாடி வந்தனர். ஒரு குரலை வாயால் பாடிக்கொண்டே ஏனைய குரல்களைக் கருவியில் வாசிக்குமாறு அவர்களைப் பயிற்றுவித்தார்.

அவருடைய இசையைத் தாங்கியவை பழைய கருவிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்கன்கள் பெரும் இசைக்குழுவின் முழக்கத்தை ஒத்திருக்குமாறு கட்டப்பட்டன. அவற்றில் குரல்கள் ஒன்றில் ஒன்று கரைந்தன. பாக்கின் காலத்தையொட்டிய கருவிகளிலோ ஒவ்வொரு குழல்வரிசையும் தன் நிறத்தைத் தெளிவாகக் காட்டியது. போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், 1947இல், வால்காவின் ஒலிப்பதிவு லூபெக் நகரில் தொடங்கியது. பின்னர் வடகடலோரச் சிற்றூரான கப்பலில் அது தொடர்ந்தது. கப்பல் என்பது ஊரின் பெயர். நாம் அறிந்த கலம் அன்று. ஆர்ப் ஷ்னிட்கர் 1680இல் ஹாம்பர்க்கில் கட்டிய ஆர்கன் ஒன்று, 1816இல் அவ்வூர் ஆலயத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. பெருநகரப் பார்வைக்கு எட்டாத அக்கருவியின் குரலை ஒலித்தட்டுகள் உலகெங்கும் கொண்டுசென்றன.

1956இல் நெதர்லாந்தின் அல்க்மார் நகரில் தொடங்கி, 1971இல் பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் முடியுமாறு, பாக்கின் ஆர்கன் படைப்புகளை அவர் மீண்டும் பதிவுசெய்தார். ஹார்ப்சிகார்ட் கருவியிலும் அவர் தேர்ந்தவர்.

அவருடைய கருத்துகள் அனைத்தையும் எல்லாரும் ஏற்றனர் எனல் ஆகாது. மாக்ஸ் ரேகர் என்னும் பிற்கால இசைப்படைப்பாளரின் ஆர்கன் படைப்புகளைக் குறைகூறி 1952இல் அவர் எழுதிய கட்டுரை பெரும் பூசலைக் கிளப்பியது. குரல்களின் தெளிவையே அளவுகோலாகக் கொண்டவர்க்கு ரேகரின் அடர்த்தி ஒவ்வாமற் போனது இயல்பு; எனினும் அவ்வளவுகோல் எல்லா இசைக்கும் பொருந்துமா என்னும் வினா எஞ்சவே செய்கிறது.

பாக்கின் ‘ஃபியூக் கலை’ என்னும் பெரும்படைப்பின் இறுதிப்பகுதி முற்றுப்பெறாதது. பாக்கின் பெயரெழுத்துகளே சுரங்களாக அமைந்த மெட்டு நுழைந்த சற்று நேரத்தில், அது இடைவழியில் அறுந்துபோகிறது. அதனைத் தொடர்ந்து முடிக்கும் பகுதியை வால்கா தாமே இயற்றி, 1970இல் வாசித்துப் பதிவுசெய்தார்.

எழுபது வயதை எட்டிய 1977இல் அவர் மீண்டும் கப்பலுக்குச் சென்றார். இம்முறை பாக்கை வாசிக்கவில்லை. புக்ஸ்டஹூட முதலிய, பாக்குக்கு முந்திய ஆசான்களை வாசித்தார். 1981இல் பொதுமேடையிலிருந்தும் ஆலயப்பணியிலிருந்தும் விலகினார். 1991 ஆகஸ்டு 11ஆம் நாள் பிராங்க்பர்ட்டில் மறைந்தார்.